75 மி.மீ. என்று சொல்லி 40 மி.மீ. பலகையுடன் அனுப்பிய பழைய தச்சு மேசை குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ‘பழுது நீக்கியது, வேலைக்குத் தயார்’ என்று விற்ற தச்சு மேசையைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். 1800 மி.மீ. நீளம், 600 மி.மீ. அகலம் கொண்ட தச்சு மேசை முன்பக்க வைஸுடன் (கைப்பிடியைச் சுழற்றினால் இரு தாடைகளுக்கிடையே கட்டையை இறுக்கும் பிடி) வந்து சேர்ந்தது. முதல் புகாருக்கு உங்கள் பிரிவு தந்த பதில், நாங்கள் சொன்ன குறைகள் எல்லாம் ‘பழைய பொருளுக்கே உரிய தேய்மானம்’ என்று சொல்லி விலையில் கொஞ்சம் தள்ளித் தர முன்வந்தது. அதை ஏற்க முடியாது. தேய்மானம் எது, பழுது எது என்பதிலேயே உங்கள் சோதனை தடுமாறியிருக்கிறது.

மேல்பலகையில் உளிக்காயம், ரம்பக் கீறல், பசைக் கறை, பழைய ஆணித்துளை எல்லாம் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நாங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. காயமே படாத மேசை என்றால் அதில் யாரும் வேலை செய்யவில்லை என்றுதான் அர்த்தம். புகார் வேறு.

மேல்பலகை 75 மி.மீ. தடிமன் என்று விளம்பரத்தில் இருந்தது. முன்விளிம்பில் அளந்தால் 75தான். ஆனால் மேல்பலகையில் பிடி செருக விட்டிருக்கும் மேசைத்துளை ஒன்றுக்குள் அளவுகோலை விட்டு, அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தால் 40 மி.மீ.யில் பலகை முடிந்துவிடுகிறது. சுற்றிலும் தடித்த பட்டை ஒட்டிக் கனமாகக் காட்டியிருக்கிறார்கள். இது வெறும் தோற்றப் பிரச்சினை அன்று. உளியால் துளை வெட்டும்போது மெல்லிய பலகை அதிர்ந்து அடியின் வேகத்தை விழுங்கிவிடும். துளையில் அடித்து இறுக்கும் இரும்புப் பிடிக்குக் கவ்வ ஆழமும் போதாது.

அடுத்தது முறுக்கு, அதாவது பலகையின் மூலைகள் ஒரே மட்டத்தில் இல்லாமல் திருகிக்கொண்டிருப்பது. சமமில்லாத தரையில் நிறுத்தினாலே மேசை முறுக்கிக்கொண்டதாகத் தோன்றும் என்பதால், முதலில் கால்களுக்கு அடியில் ஆப்பு வைத்து நான்கும் ஊன்றி நிற்கச் செய்தோம். பிறகு 1200 மி.மீ. நீளமுள்ள இரண்டு நேரான ரீப்பர்களை மேசையின் இரு முனைகளிலும் குறுக்கே வைத்து, ஒரு பக்கமிருந்து குனிந்து, ஒன்றின் மேல்விளிம்பு மற்றதோடு ஒரே கோட்டில் தெரிகிறதா என்று பார்த்தோம். ரீப்பர்களின் ஒரு முனை கோட்டில் சேர்ந்தபோது மறுமுனையில் 14 மி.மீ. இடைவெளி. ரீப்பர் மேசை அகலத்தைப் போல இருமடங்கு நீளம் என்பதால் உண்மையான முறுக்கு அதில் பாதி, 7 மி.மீ. இதை இழைத்துச் சமப்படுத்த, எதிரெதிர் மூலைகள் இரண்டில் சுமார் 3.5 மி.மீ. வரை எடுத்தாக வேண்டும். 75 மி.மீ. பலகையில் அது ஒரு பொருட்டல்ல. 40 மி.மீ. பலகையில், அதுவும் உடைந்த ஆணிகள் உள்ளே கிடக்கும்போது, இழைப்புளியை வைக்கவே யோசிக்க வேண்டியிருக்கிறது.

பலகை நடுவே 900 மி.மீ. நீளத்துக்கு ஒரு வெடிப்பு, மக்கு (புட்டி) அடைத்துப் பாலிஷால் மூடப்பட்டிருக்கிறது. காரணம் அடியில் தெரிகிறது. பலகையின் இரு ஓரங்களையும் குறுக்குச் சட்டத்தோடு அசையவிடாமல் திருகாணியால் முடுக்கியிருக்கிறார்கள். மரம் ஈரத்துக்கு ஏற்ப அகலவாக்கில் விரியும், சுருங்கும். நடுவில் மட்டும் இறுக்கி, ஓரத் திருகாணிகளுக்கு நீள்துளை விட்டிருந்தால் பலகை நகர்ந்து கொடுத்திருக்கும். அந்தக் கட்டு அப்படியே இருக்கும்வரை எத்தனை முறை மக்கு அடைத்தாலும் வெடிப்பு திறந்துகொள்ளும்.

மேசையின் ஒரு முனையில் கையை வைத்து நீளவாக்கில் தள்ளினால் 12 மி.மீ. ஆடுகிறது. இழைப்புளியின் தள்ளல் முழுவதும் வரும் திசை அதுதான். காலுக்குள் இறங்கும் கழுந்துகள் (சட்டத்தின் நுனியில் செதுக்கிய நாக்குகள்) தளர்ந்து, சட்டம் காலோடு முட்டும் தோள்பட்டையில் அட்டை நுழையும் அளவு இடைவெளி. பழைய பசையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுப் பசையை ஊற்றி, மூலைக்கு ஓர் இரும்புக் கோணப் பட்டையும் வைத்திருக்கிறார்கள். பழைய பசை மூடிய இடத்தில் புதுப் பசை மரத்தைப் பற்றாது. இணைப்பைப் பிரித்து, சுத்தம் செய்து, கழுந்தின் பக்கவாட்டில் மெல்லிய மரத்தகடு ஒட்டித் திரும்ப இறுக்குவதே வழி. போல்ட் போட்ட மேசையாக இருந்தால் ஒரு ஸ்பேனரால் முடிந்திருக்கும்.

வைஸ் கைப்பிடி கால் சுற்று வெறுமனே சுழல்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பழைய திருகில் கொஞ்சம் தளர்ச்சி இருக்கும். ஆனால் 50 மி.மீ. திறந்து கட்டை வைத்து இறுக்கினால் ‘டக்’கென்று மரை (திருகின் புரி) தாண்டிப் பிடி விடுகிறது. அடிக்கடி பயன்படும் அந்த அகலத்தில்தான் மரை அதிகம் தேயும். முழுதாக மூடியோ முழுதாகத் திறந்தோ சோதித்தவருக்கு இது தெரிந்திருக்காது. தாடைகளுக்கிடையே காகிதம் வைத்து இறுக்கினால் கீழே கவ்வுகிறது, மேலே உருவிக்கொண்டு வருகிறது. நல்ல வைஸில் மேல்விளிம்பு அல்லவா முதலில் சேர வேண்டும்? பின்தாடையில் பெயிண்டைச் சுரண்டியபோது மஞ்சள் கோடு ஒன்று தென்பட்டது: உடைந்த வார்ப்பிரும்பைப் பித்தளையால் பற்றவைத்த தடம். இறுக்கும் விசையெல்லாம் தாங்கும் இடம் அது. விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இவ்வளவுக்கும் மேலாக, பின்கால் ஒன்று உளுத்திருக்கிறது. மரத்தின் நடுவிலுள்ள வைரப் பகுதி உறுதியாக இருக்க, அதற்கு வெளியே வெளிறு உள்ள பக்கத்தில் 1 முதல் 2 மி.மீ. வரையிலான துளைகள். பழைய துளை மட்டும் என்றால் கவலையில்லை. துடைத்துவிட்டுக் கறுப்புக் காகிதம் விரித்தோம். மூன்றாம் நாள் அதில் மாவு போன்ற தூள் புதிதாக விழுந்திருந்தது. பூச்சி உயிரோடு இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். மேலே பாலிஷ் அடிப்பதால் உள்ளே இருக்கும் புழு சாவதில்லை.

மேற்பலகை, கால், வைஸ் மூன்றையும் மாற்றினால் மிஞ்சுவது உங்கள் மேசை அன்று. ஆகவே விலைத் தள்ளுபடி வேண்டாம். 15 நாட்களுக்குள் உங்கள் செலவில் மேசையை எடுத்துக்கொண்டு, போக்குவரத்துக் கட்டணத்தையும் சேர்த்து முழுத் தொகையைத் திருப்பித் தாருங்கள். மாற்று மேசை அனுப்புவதாக இருந்தால், அடிப்பக்கப் படம், துளை வழியே அளந்த தடிமன், பெயிண்ட் நீக்கிய வைஸின் படம் ஆகியவற்றை முன்கூட்டியே அனுப்புங்கள்.

அளவுகளைக் காட்டும் படங்களும் ஆணை விவரமும் இணைப்பில் உள்ளன. பூச்சி பரவாமலிருக்க மேசையை மற்ற மரங்களிலிருந்து விலக்கித் தனியே வைத்திருக்கிறோம். ஏற்றிச் செல்ல வருபவர்களும் அதை வேறு மரச்சாமானோடு சேர்த்து ஏற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்