ஆத்தா வீட்டில் இருப்பது தெர்மோஸ்டாட்டுக்குத் தெரியவில்லை

காரைக்குடி,
தை மாதம்

அன்புள்ள முத்தையா,

உன் கடிதம் வந்தது. ஆத்தா அங்கேயே பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொண்டார்கள் என்று படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பகலெல்லாம் சால்வையைப் போர்த்திக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதுதான் மனதை என்னவோ செய்கிறது. ஊர்ச் செய்தி அப்புறம். முதலில் உங்கள் வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைப் பார்ப்போம்.

புதிதாக ஒன்று வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். வாங்காதே. நீ சொல்லும் நேரத்தைக் கவனி. காலையில் வீடு கதகதப்பாக இருக்கிறது. நீயும் வள்ளியும் வேலைக்குப் போனபின் குளிர்கிறது. சாயங்காலம் நீங்கள் வந்ததும் சரியாகிவிடுகிறது. இது பழுதில்லை. வீட்டில் ஆள் இல்லை என்று அது நினைத்துக்கொள்கிறது. இந்த ஸ்மார்ட் வகையில் பலவும் உங்கள் செல்போன்கள் எங்கே இருக்கின்றன என்பதை வைத்துத்தான் வீட்டில் ஆள் உண்டா என்று கணக்குப் போடும். சிலவற்றில் எதிரே ஆள் நடமாடினால் கண்டுகொள்ளும் சென்சாரும் உண்டு. ஆத்தாவிடம் அந்த ஆப் உள்ள போன் கிடையாது. தெர்மோஸ்டாட் இருப்பது கீழே ஹாலில், அவர்கள் உட்காருவது மாடி அறையில். பிறகு எப்படி அதற்குத் தெரியும்? மிச்சம் பிடிக்கிறேன் என்று 62 ஃபாரன்ஹீட்டுக்கு இறக்கிவிடுகிறது. நம் செல்சியஸ் கணக்கில் 17 டிகிரிகூட இல்லை. மார்கழிப் பனியே தாங்காத உடம்புக்கு அது ஆகுமா?

இன்றைக்கே ஆப்பைத் திறந்து, ஆள் இல்லாதபோது தானாக இறக்கும் ஏற்பாட்டை நிறுத்திவிடு. ஆத்தா ஊர் திரும்பும்வரை அது வேண்டாம். தனி அறை சென்சார் உன் மாடலுக்குக் கிடைத்தால் ஒன்று வாங்கி அவர்கள் அறையில் வை. பகல் நேரத்துக்கு அந்த அறையின் சூட்டையே கணக்கில் எடுக்கச் சொல்லலாம். செலவு செய்வதென்றால் அதற்குச் செய்.

அடுத்தது, திரை அவ்வப்போது கறுத்துப்போவது. மகள் வீட்டுக்கு டெக்சாஸ் போயிருந்தபோது அங்கே இதைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீடு பழைய வீடு. அந்தக் காலத்துத் தெர்மோஸ்டாட் வெறும் சுவிட்ச்தான், அதற்கென்று கரண்ட் வேண்டியதில்லை. இப்போதையதற்குத் திரை, வைஃபை எல்லாம் ஓட வேண்டும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 24 வோல்ட் ஆர் என்ற வயரில் வரும், சி என்ற வயரில் திரும்பும். அந்த சி வயர் இல்லாத வீட்டில், ஹீட்டருக்கும் ஏசிக்கும் போகும் வயர்கள் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி உள் பேட்டரியை நிரப்பிக்கொள்ளும். அது பற்றாதபோது முதலில் வைஃபை போகும், பிறகு திரை போகும். சுவருக்குள் ஒரு வயர், பெரும்பாலும் நீலம், எதிலும் மாட்டாமல் சுருட்டி விடப்பட்டிருக்கிறதா பார். இருந்தால் அதைத் தெர்மோஸ்டாட், ஃபர்னஸ் இரண்டு முனையிலும் சி-யில் மாட்டினால் போதும். ஒரு விஷயம் மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பிரேக்கரை அணைக்காமல் கை வைக்காதே. ஆர், சி இரண்டும் தொட்டுவிட்டால் ஃபர்னஸ் போர்டில் உள்ள சின்ன ஃபியூஸ் போய்விடும், அப்புறம் வீடு முழுக்கக் குளிர்தான். அந்த ஃபியூஸ் காரில் போடும் 3 அல்லது 5 ஆம்ப் வகைதான், கடையில் கிடைக்கும். ஃபர்னஸ் கதவு சரியாக மூடாவிட்டாலும் கரண்ட் வராது, அதையும் பார்த்துக்கொள். கோடையில் இப்படிக் கறுத்தால் வேறு காரணம் இருக்கலாம். ஏசி தண்ணீர் போகும் குழாய் அடைத்து, தட்டு நிரம்பி, மிதவை சுவிட்ச் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கும்.

காட்டும் சூடும் அறையின் சூடும் ஒத்துப்போகவில்லை என்கிறாயே, கருவியைக் கழற்றி அதன் பின்னால் வயர் வரும் ஓட்டையைப் பார். சுவருக்குள்ளிருந்து வரும் காற்று நேராக அதன் மேல் பட்டால் அது அறையை எப்படி அளக்கும்? கொஞ்சம் புட்டி வைத்து அடை. வள்ளியிடமும் சொல், 80-க்கு ஏற்றி வைத்தால் வீடு சீக்கிரம் சூடாகாது. சாதாரண ஃபர்னஸ் எப்போதும் ஒரே வேகத்தில்தான் ஓடும்.

உன் மைத்துனர் கேட்டதற்கு: 2011, 2012-ல் வந்த பழைய நெஸ்ட் தெர்மோஸ்டாட் மாடல்களை 2025 அக்டோபர் 25-லிருந்து போனில் இயக்க முடியாது. சுவரில் கையால் திருப்பினால் வேலை செய்யும், கழற்றிப் போட வேண்டாம்.

இங்கேயும் இந்தக் கதைதான். மாப்பிள்ளை நம் இரண்டாம் கட்டு அறை ஏசிக்குப் போனில் இயக்கும் கருவி ஒன்றை வைத்துவிட்டுப் போனார். ரூட்டர் முகப்பில் இருந்தது. சுண்ணாம்பும் கடுக்காயும் போட்டுக் கட்டிய சுவர்கள் அத்தனை தாண்டி வைஃபை எங்கே வரும்? வளவுப் பத்திக்கு, அதாவது உள்முற்றத்துத் தாழ்வாரத்துக்கு மாற்றி, 2.4 கிகாஹெர்ட்ஸில் இணைத்தபின் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் ரிமோட்டை யாராவது அழுத்திவிட்டால் ஆப்புக்கு அது தெரிவதில்லை, அணைத்த ஏசி ஓடுவதாகவே காட்டுகிறது. ரிமோட்டை அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

உங்கள் வளவில் ஒழுகின இடத்தில் ஓடு மாற்றியாயிற்று. ஆத்தங்குடிக் கல் பெயர்ந்த இடத்துக்குப் பழைய பூவேலையிலேயே அச்சுப் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள், பங்காளிகளிடம் கேட்டுச் சொல்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் எந்த வயர் எந்த எழுத்தில் இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஆள் இல்லாத ஏற்பாட்டை நிறுத்துவதை மட்டும் அதுவரை தள்ளிப்போடாதே.

அன்புடன்,
சிதம்பரம்