ஒத்திகைக்கு ஒரு நாள் கொடுங்கள்

மலேசியத் தமிழ் அலைவரிசைகளில் எந்தத் தொடர் வரலாம், அதற்கு எவ்வளவு பணம், எத்தனை நாள் படப்பிடிப்பு என்று முடிவு செய்யும் பொறுப்பில் இருக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம். கோலாலம்பூரில் 19 ஆண்டுகளாகத் தமிழ் நகைச்சுவைத் தொடர்களில் உதவி இயக்குநராக வேலை செய்கிறேன். பிறந்து வளர்ந்தது பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில். இப்போது செந்தூலில் குடியிருக்கிறேன். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்க வேண்டும். அதற்கு முன், ஒரு காட்சி எப்படிச் செத்துப்போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சம்பந்தம் பேச வந்தவர்களிடம் தகப்பனார் பெருமை பேசுகிறார்: "என் மகன் பெரிய அதிகாரி." வாசலுக்கு முதுகைக் காட்டியபடி நிற்கிறார். வந்தவர்கள் அவர் நீட்டிய புகைப்படத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நொடியில் உணவு விநியோகம் செய்யும் சட்டையோடு மகன் உள்ளே நுழைகிறான். அதைப் பார்த்தவர் பாட்டி மட்டும்தான். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் முறுக்குத் தட்டை எடுத்து, நிமிரப் போகிற விருந்தாளிகளின் கண்ணுக்கு நேரே நீட்டுகிறார். மகன் தட்டுக்குப் பின்னால் நழுவிச் சமையலறைக்குள் போய்விடுகிறான்.

எழுதியவர் நன்றாகவே எழுதியிருந்தார். தாளில் படித்தபோதே நாங்கள் சிரித்தோம். ஆனால் அன்று எடுக்க வேண்டிய காட்சிகள் 16. நடிகர்கள் வசனத் தாளைக் கையில் வாங்கியதே காலையில் பசியாறும்போதுதான். முதல் டேக்கில் மகன் ஒரு நொடி முன்னதாக நுழைந்துவிட்டான். அடுத்த டேக்கில் பாட்டியின் தட்டு தாமதமாக எழுந்தது. மூன்றாவதில் இரண்டும் அச்சாகப் பொருந்தின. அப்போது கேமரா தகப்பனாரின் முகத்தில் இருந்தது. வாடகைக்கு எடுத்த வீட்டை இரவு பத்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, அடுத்த காட்சிக்குப் போகலாம்" என்றார். அந்தக் குரலில் இருந்த வலி எனக்குக் கேட்டது. ஒளிபரப்பில் அந்த இடத்தில் 'டொய்ங்' என்று ஓர் ஓசையும், தகப்பனார் தலையில் அடித்துக்கொள்ளும் முகமும் வந்தன. பிறகு நடந்த ஒரு கூட்டத்தில் எங்களிடம் சொல்லப்பட்டது: "நம் ஆட்களுக்கு நகைச்சுவை வராது."

அந்த வாக்கியம் இன்னும் என்னை உறுத்துகிறது. நம் ஆட்களுக்கு நகைச்சுவை வரும். கல்யாண வீட்டில், இழவு வீட்டில், பத்துமலைக்குப் போகிற பஸ்ஸில் வரும். தாளில் இருக்கிற நகைச்சுவையை உடம்புக்கும் கண்ணுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க ஒருவருக்கு நேரம் வேண்டும். அந்த ஒருவர்தான் இயக்குநர். அவருக்கு நாம் நேரம் கொடுப்பதே இல்லை.

நகைச்சுவை இயக்குநரின் வேலை என்ன என்று எந்தத் தமிழ் வீட்டிலும் விளக்க முடியும். 1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி எல்லோருக்கும் மனப்பாடம். கதை சொல்கிறவர் நாகேஷ். ஆனால் நம்மைச் சிரிக்க வைப்பதில் பாதிப் பங்கு, அந்தக் கதையைக் கேட்டு நடுங்குகிற பாலையாவின் முகத்துக்கு. பேசுகிறவரைக் காட்டுவது எளிது. கேட்கிறவருக்கு எந்தச் சொல்லில் உறைக்கிறது, அது உறைத்த பிறகு எவ்வளவு நேரம் அந்த முகத்தில் காத்திருப்பது, எப்போது அங்கிருந்து நகர்வது என்று தீர்மானிப்பதுதான் கடினம். இயக்குநர் ஸ்ரீதர் அதை அறிந்தவர். அரை நொடி முந்தினால் சிரிப்பு பிறக்காது. அரை நொடி பிந்தினால் பார்க்கிறவர் நமக்கு முன்னால் அந்த இடத்துக்குப் போய்க் காத்திருப்பார்.

தொலைக்காட்சியில் இந்த அரை நொடியைப் பிடிக்க உதவும் ஒரு முறை உருவானது. அமெரிக்காவில் 1951-இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' என்ற நகைச்சுவைத் தொடரைப் பார்வையாளர்களை எதிரே உட்கார வைத்து, மூன்று ஃபிலிம் கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடுத்தார்கள். அதன் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட், ஜெர்மனியின் மௌனப்பட காலத்திலிருந்து வந்த மேதை. ஒரு கோணத்தில் எடுத்துவிட்டு, விளக்குகளை மாற்றி, மறுபடியும் வேறு கோணத்தில் எடுத்தால் முதலில் வந்த முகபாவம் திரும்ப வராது; சிரிப்பின் சூடும் ஆறிவிடும். எல்லாக் கேமராக்களும் ஒன்றாக ஓடினால், சொன்னவரின் முகமும் கேட்டவரின் முகமும் ஒரே மூச்சில் கிடைக்கும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. யார் எந்தச் சொல்லில் எங்கே நிற்க வேண்டும் என்பது படப்பிடிப்புக்கு முன்பே எல்லோருக்கும் ஊறியிருக்க வேண்டும். எனவே ஒரு எபிசோடுக்கு ஏறத்தாழ ஐந்து நாள் என்ற வழக்கம் அங்கே நிலைத்தது. முதல் நாள் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பு. பிறகு ஒத்திகை, திருத்தம், மறுபடி ஒத்திகை, கேமராவோடு ஒத்திகை. ஐந்து நாளில் பெரும்பகுதி ஒத்திகைக்கே.

இந்த முறையில் கைதேர்ந்தவர் ஜேம்ஸ் பரோஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி இயக்குநர். 1940-இல் பிறந்தவர். அவருடைய தகப்பனார் ஏப் பரோஸ் பெயர்பெற்ற நாடக ஆசிரியர், இயக்குநர். மகனும் மேடை நிர்வாகி, நாடக இயக்குநர் என்றுதான் தொடங்கினார். தனக்கு வேலை கேட்டு, முன்பு ஒரு நாடகத்தில் பழகியிருந்த நடிகை மேரி டைலர் மூருக்குக் கடிதம் எழுதினார்; அந்த நடிகையின் தயாரிப்பு நிறுவனம் பரோஸை வரவழைத்தது. வந்தவர் முதலில் செய்தது பார்த்துக்கொண்டிருப்பது. ஜே சாண்ட்ரிச் என்ற மூத்த இயக்குநர் எப்படி ஒத்திகை பார்க்கிறார், நடிகர்களிடம் எப்படிப் பேசுகிறார் என்று பக்கத்தில் இருந்து கவனித்தார். 1974-இல் அவருக்கு முதல் எபிசோட் கிடைத்தது. 2015-இல் அவர் இயக்கிய எபிசோட்களின் எண்ணிக்கை 1000-ஐத் தொட்டது. 'பிரெண்ட்ஸ்', 'பிரேசியர்', 'தி பிக் பேங் தியரி' எல்லாவற்றுக்கும் முதல் எபிசோடை இயக்கியவர் அவரே. பாத்திரங்கள் எப்படி நடப்பார்கள், யார் எங்கே உட்காருவார்கள், எந்தக் கதவு எங்கே இருக்கும் என்று முதல் எபிசோடில் தீர்மானித்துவிட்டால், பின்னால் வருகிறவர்கள் அந்தப் பாதையில்தான் நடக்க வேண்டும். புதிய வீட்டில் முதலில் பால் காய்ச்சுவதற்குக் கைராசியுள்ள ஒருவரை அழைப்பதைப் போல அவரை அழைத்தார்கள்.

அவருடைய வழக்கம் ஒன்று என்னை மிகவும் பாதித்தது. காட்சி நடக்கும்போது அவர் திரையைப் பார்ப்பதில்லையாம். கேமராக்களுக்குப் பின்னால் இங்குமங்கும் நடந்துகொண்டே, தலையைக் குனிந்து, வசனத்தைக் காதால் கேட்பாராம். தாளம் தப்பினால் அவருக்குத் தெரியும். படம் சரியாக வருமா என்ற கவலையை அவர் ஒத்திகையிலேயே தீர்த்துவிட்டதால்தான் படப்பிடிப்பு நேரத்தில் அவரால் காதை மட்டும் திறந்து வைத்திருக்க முடிகிறது.

இதைப் படித்தபோது எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வாத்தியார்தான் நினைவுக்கு வந்தார். மாரியம்மன் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் நாடகம் போடுவார். நடிகர்கள் எல்லோரும் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளர்கள். விடியுமுன் மரத்துக்குப் போய், மாலையில் களைத்து வருகிறவர்களை ஒரு மாதம் கோயில் கொட்டகையில் நிறுத்தி ஒத்திகை பார்ப்பார். நாடகம் நடக்கும் இரவில் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாயில் உட்கார்ந்திருக்கும் சனங்களின் முகத்தைப் பார்த்தபடி நிற்பார். எந்த வரிக்கு லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) கிழவிகள் சிரித்தார்கள், எந்த வரிக்குச் சிரிக்கவில்லை என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். ஒருமுறை ஒரு குடிகாரன் வேடக்காரர் கீழே விழும் இடத்தை இரண்டு அடி வலப்பக்கம் தள்ளி வைத்தார். மறு இரவு அதே விழுதலுக்குக் கூட்டம் குலுங்கியது. முந்தின இரவு அவர் தூணுக்குப் பின்னால் விழுந்ததால் பாதிப் பேருக்குத் தெரியவில்லை என்று எனக்கு விளக்கினார். எனக்கு அப்போது பதினோரு வயது. இந்தத் தொழிலுக்கு நான் வந்தது அந்த இரண்டு அடியால்.

பொறுமைக்கும் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். பரோஸும் எழுத்தாளர்களான சார்லஸ் சகோதரர்களும் 1982-இல் தொடங்கிய 'சியர்ஸ்' என்ற நகைச்சுவைத் தொடர் முதல் பருவத்தில் பார்வையாளர் பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தது. அலைவரிசை அதை நிறுத்தவில்லை. இயக்குநரையும் மாற்றவில்லை, 200-க்கும் மேற்பட்ட எபிசோட்களை பரோஸ்தான் இயக்கினார். 11 பருவங்கள் ஓடி 1993-இல் முடிந்தபோது அது அந்த நாட்டின் மிகப் பெரிய தொடர்களில் ஒன்று.

அமெரிக்கா பணக்கார நாடு, அதைக் காட்டி நம்மை ஒப்பிடலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் நாட்டையே பார்ப்போம். 1963 டிசம்பர் 28-இல் கோலாலம்பூரில் தொலைக்காட்சி தொடங்கியது. 1985-இல் தொடங்கிய 'பி மாய் பி மாய் தாங் து' என்ற மலாய்த் தொடர் 2002 வரை ஓடியது. ஒத்மான் ஹஃப்ஷாம் உருவாக்கி இயக்கிய தொடர். பல இனத்தாரும் சேர்ந்து வாழும் அடுக்குமாடி வீடுகள்தான் களம். தலைப்பே எங்கள் வடக்கத்தி மலாய்; அதனால் செபராங் பிறையில் எங்கள் வீட்டில் அதற்குத் தனி மரியாதை. ஒரு நடிகர் கூட்டம் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்திருந்தால் அவர்களுக்குள் வரும் இசைவை அங்கே கண்ணால் பார்த்தோம். சென்னையில் ராம்பாலா இயக்கிய 'லொள்ளு சபா'வும் பெரிய செலவில் எடுத்ததன்று. சந்தானமும் யோகி பாபுவும் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள். ஒரு தொலைக்காட்சி நகைச்சுவை இயக்குநர் ஒரு தலைமுறை நடிகர்களுக்கு வாத்தியாராக இருக்க முடியும். நம் இயக்குநர்கள் ஒவ்வொரு தொடரிலும் புதிய முகங்களோடு, புதிய அவசரத்தோடு தொடங்குகிறார்கள்.

ஒத்திகை இல்லாதபோது என்ன நடக்கிறது என்று நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். நடிகர் பதற்றத்தில் கத்துகிறார். கத்தினால் கலகலப்பு என்று எல்லோரும் நம்பிக்கொள்கிறோம். அதுவும் போதாதபோது ஒருவர் கன்னத்தில் அறை விழுகிறது. கறுப்பாக இருப்பவரை, பருமனாக இருப்பவரைக் கேலி செய்யும் வரி தளத்திலேயே முளைக்கிறது, ஏனென்றால் அதற்கு மட்டும் ஒத்திகை தேவையில்லை. வீட்டில் இருந்து பார்க்கிற கறுப்பான பெண் பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்று யோசிக்க அந்த நேரத்தில் யாருக்கும் ஓய்வில்லை. அதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. அந்த வரிகளில் சிலவற்றை நானே தாளில் குறித்துக் கொடுத்திருக்கிறேன்.

மொழியும் ஒத்திகையில்தான் திருந்துகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இயக்குநர், தன் சொந்தப் பணத்தில், ரவாங்கில் தன் வீட்டுக் கூடத்தில் எங்களுக்கு ஒரு நாள் ஒத்திகை வைத்தார். கேமரா இல்லை, ஒப்பனை இல்லை. தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, இது வாசல், இது மேசை என்றார். வசனத்தில் 'டிபன்' என்று இருந்தது. ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளியாக நடித்த அம்மா, தன் வாயில் அந்தச் சொல் ஒட்டவில்லை என்று 'பசியாறுவது' என்று மாற்றிச் சொன்னார். கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு என்பதைவிட, நம் வீட்டுக்குள் வந்துவிட்ட நிம்மதி என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு ஒவ்வொருவரும் தங்கள் சொற்களைக் கொண்டுவந்தார்கள். பினாங்குக்காரர் ஒரு மாதிரி, பிரிக்ஃபீல்ட்ஸில் வளர்ந்தவர் ஒரு மாதிரி பேசினார்கள். இயக்குநர் அவற்றில் எது பாத்திரத்துக்குப் பொருந்தும் என்று பொறுக்கினார். மறுநாள் படப்பிடிப்பில் 12 காட்சிகளையும் மாலை ஆறு மணிக்குள் முடித்தோம். விளக்குப் பிடிக்கும் தம்பி ஒருவர், டேக் நடக்கும்போதே சிரித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். இயக்குநர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஆகவே என் வேண்டுகோள் இது. நீங்கள் ஒப்புதல் தரும் ஒவ்வொரு நகைச்சுவைத் தொடரிலும், மூன்று நாள் படப்பிடிப்புக்கு ஒரு நாள் என்ற கணக்கில் ஒத்திகை நாளை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அன்றைய நாளுக்கு நடிகர்களுக்குச் சம்பளம் இருக்க வேண்டும். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களை இலவசமாக வரச் சொல்வது தகாது. கேமரா வாடகை, விளக்கு வாடகை, வீட்டு வாடகை எதுவும் அந்த நாளுக்குத் தேவையில்லை. மறுநாள் வீணாகும் டேக்குகள் குறைவதில் அந்தச் செலவில் பெரும்பகுதி திரும்பி வரும் என்பது ரவாங்கில் நான் கண்டது. இதைத் தயாரிப்பாளரின் நல்ல மனத்துக்கு விட்டுவிடாதீர்கள். பணம் இறுகும்போது அவர் முதலில் வெட்டுவது இதைத்தான்; அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

முதல் தொடருக்கு இடம் தேட வேண்டாம். செந்தூலில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பொது மண்டபம் இருக்கிறது. வார நாட்களில் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை காலியாகத்தான் கிடக்கிறது. நிர்வாகக் குழுவிடம் பேசிவிட்டேன், சம்மதித்துவிட்டார்கள். மின்விசிறி நான்கு ஓடும். நாற்காலிகளை நாங்கள் போட்டுக்கொள்கிறோம். குடியிருப்பில் உள்ள பாட்டிமார் பத்துப் பேரை முன்வரிசையில் உட்கார வைக்கிறேன். முறுக்குத் தட்டு எப்போது எழ வேண்டும் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஓர் உதவி இயக்குநர்
செந்தூல், கோலாலம்பூர்