பிரிஸ்டல் வீட்டுச் சன்னல்களைப் பற்றி மகளுக்கு

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்பு மகளுக்கு,

முன்பக்கத்துச் சன்னல்கள் அனைத்தையும் பெயர்த்துவிட்டுப் பிளாஸ்டிக் சன்னல்கள் பொருத்த ஒரு நிறுவனம் விலை சொல்லியிருப்பதாகவும், மாப்பிள்ளை அதற்குச் சம்மதிக்கும் எண்ணத்தில் இருப்பதாகவும் எழுதியிருந்தாய். நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கி ஒவ்வொரு மூலையாகப் பார்த்தேன். சம்மதிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தையும் செய்முறையையும் தொலைபேசியில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

உன் வீட்டுச் சன்னல் மேலும் கீழும் நழுவும் இரண்டு சட்டங்களைக் கொண்டது; பக்க நிலைகளுக்குள் மறைந்த பெட்டியில் கயிற்றில் தொங்கும் இரும்புக் குண்டுகள் அவற்றைச் சமன் செய்கின்றன. அதில் மேல் சட்டத்தின் இரு பக்கக் கட்டைகளும் அடியில் சிறு கொம்புகளைப் போல நீண்டு நிற்கின்றன, கவனித்தாயா? அவை அழகுக்காக வந்தவை அல்ல. இங்கிலாந்தில் கண்ணாடிக்கு இருந்த வரி 1845இலும், சன்னல்களுக்கு 1696 முதல் இருந்த வரி 1851இலும் நீங்கிய பிறகு, சிறுசிறு கண்ணாடிகளுக்குப் பதிலாகப் பெரிய கண்ணாடிகளைப் போடும் பழக்கம் பரவியது. கண்ணாடியின் பாரம் கூடியபோது மூலை இணைப்பு பிளக்காமல் இருக்கவே கட்டையை நீள விட்டுச் செதுக்கினார்கள். ஆகவே உன் சன்னல் நூறாண்டுக்கு மேற்பட்டதாக இருக்கக்கூடும். அந்தக் காலத்துப் பைன் மரம் குளிர்நாட்டுக் காடுகளில் மெதுவாக வளர்ந்தது. ஆண்டு வளையங்கள் நெருங்கி, இழை இறுகியிருக்கும். இன்று கடையில் கிடைக்கும் விரைவாக வளர்ந்த பைன் அதற்கு ஈடாகாது. இத்தனை ஆண்டு மழையையும் பனியையும் தாங்கிய மரத்தைக் குப்பையில் போடுவதற்கு முன் அதன் உடம்பில் எத்தனை பங்கு கெட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் முறை. படங்களில் தெரிவது கீழ்ச் சட்டத்தின் அடிக்கட்டையும், அதன்கீழ் உள்ள அடிப்பலகையின் ஓரமும் மட்டுமே.

இங்கே ஜார்ஜ் டவுனில் இதே பேச்சை நான் பல ஆண்டுகளாகக் கேட்டிருக்கிறேன். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்தில் கடைவீடுகளின் சன்னல்களைப் பழுதுபார்க்க உரிமையாளர்களுக்கு மனம் வரவில்லை. அந்தக் கட்டுப்பாடு நீங்கி 2000ஆம் ஆண்டு பிறந்தபோது பலர் சாய்ந்த மரப்பட்டைகளை அடுக்கிய லூவர் சன்னல்களைக் கழற்றிவிட்டு அலுமினியச் சன்னல் வைத்தார்கள். 2008இல் நகருக்கு உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்த பிறகு, மர லூவர்களை மீண்டும் செய்து தரும்படி என்னைப் போன்ற தச்சர்களைத் தேடி வந்தவர்களும் இருந்தார்கள். புதிதாகச் செய்து கொடுத்தோம். ஆனால் இந்நாட்டுக் கனமான வன்மரமான பழைய செங்கால் மரத்தின் தரத்தை அந்த விலைக்குத் தர எங்களால் முடியவில்லை. லெபு குயினிலும் லெபு பினாங்கிலும் நான் கழற்றிப் பார்த்த சன்னல்களில் பெரும்பாலானவற்றின் சேதம் ஒரே இடத்தில்தான் இருந்தது: நீர் வடிந்து வந்து தங்கும் அடிப்பகுதியில், கட்டையின் வெட்டுமுனை வெளியே தெரியும் மூலையில். மரம் பக்கவாட்டில் நீரைக் குடிப்பதைவிட வெட்டுமுனை வழியாகப் பலமடங்கு வேகமாகக் குடிக்கும். இங்கே கரையானும் சேர்ந்துகொள்ளும், அங்கே அது இல்லை. மற்றபடி நோய் ஒன்றுதான்.

நான் சொல்ல வருவதன் மையம் இதுதான். அந்தச் சன்னலைச் செய்த தச்சர் அதைப் பிரிப்பதற்கென்றே செய்திருக்கிறார். கயிறு அறும், சட்டத்தை இடத்தில் நிறுத்தும் மெல்லிய மரப்பட்டியான ரீப்பர் தேயும், கண்ணாடியைப் பிடித்திருக்கும் பசையான புட்டி காய்ந்து உதிரும், அடிக்கட்டை இற்றுப்போகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்; ஆகவே எது கெட்டாலும் அதை மட்டும் எடுத்து மாற்றும்படி வைத்திருக்கிறார். பிளாஸ்டிக் சட்டத்தின் மூலைகள் உருக்கி ஒட்டப்படுகின்றன. அதில் ஒரு பக்கம் கெட்டால் அந்தப் பக்கத்தை மட்டும் மாற்ற வழியில்லை. அதில் வரும் இரட்டைக் கண்ணாடியின் ஓரத்து அடைப்பு விட்டுப்போனால் நடுவே ஈரம் படிந்து மங்கும். துடைக்கவும் முடியாது, கண்ணாடித் தொகுதியையே மாற்ற வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு கூரான குத்தூசியை எடுத்து, அடிக்கட்டை, அடிப்பலகை, மூலை இணைப்புகள் ஆகியவற்றை விரற்கடைக்கு ஒரு முறை மெதுவாகக் குத்திப் பார்க்கச் சொல். நல்ல மரம் ஊசியை உள்ளே விடாது. மெத்தென்று இறங்கும் இடங்களைப் பென்சிலால் வட்டமிட வேண்டும். சாயம் பளபளப்பாக இருக்கும் இடத்திலும் உள்ளே இற்றிருக்கலாம் என்பதால் கண்ணை நம்பாமல் கையை நம்ப வேண்டும்.

இங்கே ஒரு கண்டிப்பான சொல். பேத்தி இப்போது தவழ்கிறாள். அந்த வயதுள்ள வீட்டின் சாயப் படலங்களில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். அந்த நாட்டில் பொதுவான விற்பனையிலிருந்து ஈயச் சாயம் 1992இல்தான் விலக்கப்பட்டது. ஈயத்தூள் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவே போதும். ஆகவே உலர்ந்த உப்புத்தாளால் தேய்ப்பதோ, இயந்திரத்தால் தேய்ப்பதோ, நெருப்பு விளக்கால் சாயத்தைச் சுட்டெடுப்பதோ கூடவே கூடாது. நீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, சேறாக வருவதை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிவிட வேண்டும். தரையில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும், முகத்தில் நுண்தூளைத் தடுக்கும் முகக்கவசமும் இருக்கட்டும். வேலை செய்த உடைகளோடு மாப்பிள்ளை குழந்தையைத் தூக்கக் கூடாது. அந்த அறை வேலை முடிந்து துடைத்தெடுக்கும் வரை அவளுக்கு அடைத்தே இருக்கட்டும். மற்ற எதையும் நீங்கள் உங்கள் வசதிப்படி மாற்றிச் செய்யலாம், இதை மட்டும் மாற்ற வேண்டாம்.

இனிக் கழற்றும் வரிசை. அறைப்பக்கம் சட்டத்தைச் சுற்றி ஓடும் உள் ரீப்பரைத்தான் முதலில் எடுக்க வேண்டும். சாயம் ஒட்டியிருக்கும் கோட்டை மெல்லிய கத்தியால் கீறிவிட்டு, நடுவிலிருந்து உளியால் நெம்பினால் ரீப்பர் வில்லாக வளைந்து முனைகள் தாமாக விடுபடும்; முனையிலிருந்து தொடங்கினால் உடையும். பிறகு கீழ்ச் சட்டத்தை அறைக்குள் சாய்க்கலாம். கயிற்றை வெட்டும்போது ஒருவர் அதைக் கையில் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுமுனையில் தொங்கும் இரும்புக் குண்டு பெட்டிக்குள் விழுந்து அடியைப் பிளந்துவிடும். அடுத்து இரு சட்டங்களுக்கும் இடையிலுள்ள நடு ரீப்பர். அது பள்ளத்தில் செருகப்பட்டிருக்கும், மெலிந்தது, பெரும்பாலும் உடையும். உடைந்தால் வருந்த வேண்டாம், புதியது மலிவு. அதன்பின் மேல் சட்டம் வெளிவரும். இரு பக்க நிலைகளிலும் கீழே ஒரு சிறு பலகைத்துண்டு தனியாக வெட்டப்பட்டிருக்கும். சாயம் மூடியிருப்பதால் தேடத்தான் வேண்டும். அதைத் திறந்தால் குண்டுகளை வெளியே எடுக்கலாம். எது எந்தச் சட்டத்துக்கு, எந்தப் பக்கத்துக்கு என்று சாக்கட்டியால் எழுதி வைக்கச் சொல்.

குண்டுகளின் கணக்கில்தான் இந்தச் சன்னலின் அறிவு முழுவதும் இருக்கிறது. மேல் சட்டத்தின் இரண்டு குண்டுகளும் சேர்ந்து அந்தச் சட்டத்தைவிடச் சற்றே கனமாக இருக்க வேண்டும், அப்போதுதான் அது மேலேயே மூடி நிற்கும். கீழ்ச் சட்டத்தின் குண்டுகள் அதைவிடச் சற்றே இலேசாக இருக்க வேண்டும், அப்போதுதான் அது கீழே மூடி உட்காரும். இந்தக் கணக்கு சரியாக இருந்தால் நீ ஒரு கையால் தூக்கி எந்த உயரத்தில் விட்டாலும் அது அங்கேயே நிற்கும். யாராவது இடையில் தடித்த கண்ணாடி மாற்றியிருந்தால் கணக்குத் தவறியிருக்கும்; உன் முன்னறைச் சன்னல் கட்டை முட்டுக்கொடுக்காமல் நிற்பதில்லை என்று எழுதியிருந்தாயே, கயிறு அறாமல் இருந்தும் அப்படி என்றால் அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஒரு கயிறு அறுந்திருந்தாலும் நான்கையும் மாற்றிவிடுங்கள், மற்ற மூன்றும் அதே வயதுதான். மெழுகேற்றிய பருத்திக் கயிறு வாங்க வேண்டும். நைலான் நீளும், வேண்டாம். கயிற்றைக் கப்பி வழியாக உள்ளே இறக்க, நூலின் முனையில் வளைத்த ஆணி ஒன்றைக் கட்டி அனுப்பினால் அது கீழே உள்ள திறப்பில் தலைகாட்டும், நூலின் மறுமுனையில் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம். கீழ்ச் சட்டத்தை முழுவதும் உயர்த்தியபோது குண்டு பெட்டியின் தரையைத் தொடக் கூடாது. முழுவதும் இறக்கியபோது கப்பியில் முட்டக் கூடாது. புதுக் கயிறு கொஞ்சம் நீளும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கப்பியின் அச்சில் ஒரு துளி எண்ணெய் விட்டால் போதும். அதைச் சாயத்தால் மூடியிருந்தால் சுரண்டி எடுக்க வேண்டும். கயிற்றில் சாயம் படவே கூடாது, பட்டால் விறைத்து விரைவில் அறும்.

இற்ற அடிக்கட்டைக்கு வருகிறேன். சேதம் விரல்நுனி அளவு என்றால் இற்றதைச் சுரண்டி, நன்றாக உலரவிட்டு, எபாக்சி பசையால் நிரப்பலாம். அதைவிடப் பெரியது என்றால் பசையை நம்ப வேண்டாம், மரத்துக்கு மரமே வேண்டும். நல்ல மரம் வரும் வரை வெட்டி, வெட்டுமுகத்தை நேராக விடாமல் சாய்வாகச் செதுக்கி, அதே சாய்வில் புதுத்துண்டை ஒட்ட வேண்டும். சாய்வு வெளிப்பக்கமாக இறங்கினால் நீர் இணைப்புக்குள் நுழையாமல் வழிந்துவிடும். ஒட்டும் பரப்பும் கூடும். மூலையில் கழுந்து, அதாவது துளைக்குள் செருகும் கட்டையின் முனை, இற்றுப்போயிருந்தால் அடிக்கட்டை முழுவதையும் புதிதாகச் செய்துகொள்வதே நல்லது. அங்குள்ள தச்சர் ஒருவருக்கு இது ஒரு நாள் வேலைகூட ஆகாது. இங்கிருந்து செங்கால் துண்டு அனுப்பலாமா என்று நீ கேட்கக்கூடும். ஆசைதான், ஆனால் அது தவறு. செங்கால் பைனைவிட மிகக் கனமானது, ஈரத்தில் ஊதுவதும் சுருங்குவதும் வேறு விதம். இரண்டையும் ஒட்டினால் இணைப்பு ஓரிரு குளிர்காலத்தில் விலகும். பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் பைன் கட்டையைத் தேடுங்கள்.

கண்ணாடியை முடிந்தவரை காப்பாற்றுங்கள். சில கண்ணாடிகளில் வெளிக்காட்சி இலேசாக நெளிவதைப் படத்தில் பார்த்தேன். அவை பழைய முறையில் செய்தவை, இனிக் கிடைக்காது. உதிர்ந்த புட்டியை மட்டும் நீக்கிவிட்டு, ஆளிவிதை எண்ணெயும் சாக்கட்டித்தூளும் சேர்ந்த புட்டியை இட வேண்டும். அதற்குமுன் பள்ளத்து மரத்துக்கு ஒரு கை முதற்பூச்சு கொடுக்காவிட்டால் மரம் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு புட்டி வெடிக்கும். மேல்தோல் காய ஓரிரு வாரமாவது விட்டுப் பிறகு சாயம் பூசுங்கள். சாயம் புட்டியைத் தாண்டிக் கண்ணாடிமேல் இரண்டு மில்லிமீட்டர் ஏறி நிற்க வேண்டும், அந்த மெல்லிய கோடுதான் மழைநீரைத் தடுக்கிறது. சட்டம் உரசும் பள்ளங்களில் சாயத்தைத் தடிமனாக ஏற்றாமல், காய்ந்தபின் வெறும் மெழுகுவத்தியால் தேய்த்துவிடுங்கள்.

குளிரைப் பற்றி மாப்பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒற்றைக் கண்ணாடி வெப்பத்தை வெளியே விடும், அதை மறுக்க முடியாது. ஆனால் உங்களை நடுங்கவைப்பதில் பெரும்பங்கு இடுக்குகளில் நுழையும் காற்று. புது நடு ரீப்பரும் உள் ரீப்பரும் வாங்கும்போதே தூரிகைப் பட்டை பதித்தவையாக வாங்கினால் அது அடங்கிவிடும். அதுவும் போதாதென்றால் அறைப்பக்கம் தனியே இரண்டாவது கண்ணாடிச் சட்டம் ஒன்றைப் பொருத்தலாம், பழைய சன்னலைத் தொடவே வேண்டியதில்லை. உங்கள் தெரு பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் வருகிறதா என்றும் நகராட்சியிடம் கேட்டுக்கொள்; வந்தால் சன்னல்களை மாற்ற அனுமதி தேவைப்படலாம்.

எல்லாவற்றையும் ஒரே கோடையில் முடிக்க நினைக்க வேண்டாம். மழை குறைந்த மே மாதத்தில், யாரும் அதிகம் புழங்காத பின்னறைச் சன்னலில் தொடங்குங்கள். கழற்றிய இரண்டு சட்டங்களையும், நான்கு குண்டுகளையும் குளியலறை எடைக்கருவியில் தனித்தனியே நிறுத்து, எடையை எழுதி அனுப்பு. புதுக் குண்டு வாங்க வேண்டுமா, இருப்பதையே இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்த நிறுவனத்துக்கு முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
அப்பா