உன் மகள் கேட்ட சத்தம்

தங்கச்சிமடம்,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள ரஹ்மத்,

உன் கடிதம் கிடைத்தது. உம்மாவின் முழங்கால் வலி தணிந்ததையும், மகள் பேறுகாலத்துக்கு வீட்டுக்கு வந்திருப்பதையும் படித்து மகிழ்ந்தேன். துபாயிலிருக்கும் காக்காவுக்கு என் விசாரிப்பைச் சொல். இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்கு மண்டபம் ஊரிலேயே வேலை அமைந்துவிட்டது. மற்றச் செய்திகளை நேரில் பேசிக்கொள்வோம். உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீ போகிற போக்கில் எழுதிய சில வரிகளுக்காகத்தான் இன்று பேனாவை எடுத்திருக்கிறேன்.

நீ குறட்டை விடுவதாகவும், அந்தக் குறட்டை நடுவில் அறவே நின்றுபோய்ச் சற்று நேரம் கழித்துத் திணறலோடு மறுபடி கிளம்புவதாகவும் சொல்லி மகள் கேலி செய்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே காலையில் எழும்போதே தலை பாரமாக இருக்கிறது, இரவில் பலமுறை எழுந்து கழிவறைக்குப் போக நேர்கிறது, பிரஷருக்கு மூன்றாவது மாத்திரையும் சேர்த்துவிட்டார்கள் என்று வேறொரு சங்கதியாக எழுதியிருக்கிறாய். ரஹ்மத், இவை எல்லாம் ஒரே சங்கதியாக இருக்கக்கூடும்: உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய், ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது. இப்போது நான் தினமும் இரவில் மூக்கில் மாஸ்க் பொருத்திக்கொண்டு, ஒரு மிஷின் அனுப்பும் காற்றைச் சுவாசித்தபடி உறங்குகிறேன். இதை உனக்கு எழுதாமல் வைத்திருந்ததற்குக் காரணம், பலன் உறுதியாகத் தெரிந்த பிறகு சொல்ல வேண்டும் என்று எண்ணியதுதான். பலன் தெரிந்துவிட்டது.

என் குறட்டையை முதலில் கவனித்தவர், நீ அண்ணன் என்று எப்போதும் பரிந்து பேசும் என் வீட்டுக்காரர்தான். விசைப்படகுகளுக்குத் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அவர் எல்லா இரவும் வீட்டில் இருந்தார். மற்ற மாதங்களில் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போனால் மறுநாள் காலையில்தான் திரும்புவார். கரையில் இருக்கும் இரவுகளிலும் களைப்பில் அடித்துப்போட்டாற்போல் தூங்கிவிடுவார். தடைக்காலத்தில் உடம்பு ஓய்ந்து, தூக்கம் குறைந்து, விழித்துக் கிடந்தபோது என் மூச்சு நிற்பதைக் கேட்டிருக்கிறார். எழுப்பலாமா, கூடாதா என்று பயந்தபடி விரலை என் மூக்கருகில் வைத்துப் பார்த்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மிவிட்டது.

இதை நான் பலநாள் யோசித்தேன். இந்தக் கரையில் எத்தனை பெண்களின் உறக்கத்தை அருகிலிருந்து கேட்க ஆள் இருக்கிறது? எங்கள் பக்கத்தில் கணவன்மார் பாதி இரவுகள் கடலில் இருக்கிறார்கள். உங்கள் கீழக்கரையில் துபாயிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில். இந்த நோயைத் தூங்குகிறவரால் தானாகக் கண்டுகொள்ள இயலாது, பக்கத்தில் படுத்திருப்பவர்தான் சாட்சி. சாட்சி இல்லாததால் காலைத் தலைவலியையும் பகல் சோர்வையும் மட்டும் மருத்துவரிடம் கொண்டுபோகிறோம். அவர் ரத்தசோகையா, தைராய்டா, மாதவிடாய் நின்ற கோளாறா என்று பார்க்கிறார். எனக்கு ஒரு மருத்துவர் தூக்க மாத்திரை எழுதித் தந்தார். அது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தி மூச்சுத்தடையை அதிகமாக்கக்கூடும் என்பது மதுரையில் வேறொரு மருத்துவரிடம் போன பிறகுதான் தெரிந்தது. இதற்கு மேல், பொம்பளை குறட்டை விடுகிறாள் என்று வெளியில் சொன்னால் மானம் போய்விடும் என்கிற எண்ணம் வேறு. விடுதியில் சரசுவுக்கு நாம் வைத்த பட்டப்பெயர் உனக்கு மறந்திருக்காது. அவளுடைய முகவரி உன்னிடம் இருந்தால் அனுப்பு, அவளுக்கும் நான் எழுத வேண்டும்.

மதுரையில் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும்போது, நனைந்த காகிதக் குழலில் சர்பத்தை வேகமாக உறிஞ்சினால் குழல் ஒட்டிக்கொள்வதைப் போல மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, ஆனால் காற்று உள்ளே போவதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை நம்மை அரைகுறையாக எழுப்பி மூச்சை மீட்கிறது. அந்த விழிப்பு காலையில் நினைவில் இருப்பதில்லை. பத்து விநாடிகளுக்குக் குறையாமல் மூச்சு நின்றால் அதை ஒரு தடையாக எண்ணுகிறார்கள். மூச்சு குறிப்பிட்ட அளவு சுருங்குவதையும் சேர்த்து எண்ணி, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்று கணக்கிடுகிறார்கள். ஐந்துக்குள் இருந்தால் கவலையில்லை, பதினைந்து வரை லேசானது, முப்பது வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. எனக்கு 38 என்று வந்தது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இது கூடுகிறது என்றும், மூச்சைத் தூண்டும் புரோஜெஸ்டிரான் குறைவது அதற்கு ஒரு காரணம் என்றும் அவர் சொன்னபோது, எத்தனை வருடங்களாக வயசாகிவிட்டது என்று நாம் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

பரிசோதனைக்கு ஓர் இரவு அங்கேயே தங்க வேண்டும். தலையில் பசை தடவி வயர்களை ஒட்டுவார்கள், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை கட்டுவார்கள், விரலில் கிளிப், மூக்கின்கீழ் மெல்லிய குழாய். வலி எதுவும் இல்லை. இத்தனை வயர்களோடு தூக்கம் எப்படி வரும் என்று கேட்பாய். வந்தது, அவ்வளவு களைப்பு அந்த உடம்பில் சேர்ந்திருந்தது.

இனி மிஷினைப் பற்றி. இதை சிபேப் என்கிறார்கள். சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1980இல் இதை முதன்முதலாகப் பயன்படுத்தி, 1981இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார். அதற்கு முன் கடுமையான நோயாளிகளுக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைப்பதுதான் வழியாக இருந்தது. அதைக் கேட்ட பிறகு மாஸ்க்கைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இது ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை. அறையில் இருக்கும் காற்றையே ஓர் அழுத்தத்தில் மூக்கு வழியாகச் செலுத்தி, தொண்டை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவே. எங்கள் தெருவில் இதைப் புரியவைக்கப் பெரும்பாடு பட்டேன். கொரோனா காலத்தில் பார்த்ததை நினைத்துக்கொண்டு, ஸ்டெல்லா டீச்சருக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம் என்று ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்துவிட்டார்கள்.

முதல் இரவுகள் கடினமாகத்தான் இருந்தன. காற்றுக்கு எதிராக மூச்சு விடுவது மார்பை அழுத்தியது. வாயைத் திறந்தால் காற்று வாய் வழியே பீறிட்டு ஓடியது. காலையில் காற்றை விழுங்கி வயிறு உப்பியிருந்தது. மிஷினைச் சரிசெய்து தந்த பையன், முதலில் விழித்திருக்கும்போது அணிந்து பழகுங்கள் என்றான். நான் மாலை ஜெபமாலை சொல்லும் நேரத்தைத் தேர்ந்துகொண்டேன். மூக்கு மாஸ்க்கோடு வாய்விட்டுச் சொல்ல முடியாது. மனத்துக்குள் மணிகளை உருட்டி, அருள் நிறைந்த மரியே என்று நினைக்கும்போது மூச்சை இழுத்து, முடியும்போது விட்டேன். என்னை அந்தக் காற்றோடு பழக்கியது அந்த ஜெபம்தான். பிறகு வாயோரத்தைத் தாங்க ஒரு தாடைப்பட்டையும், படுத்ததும் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏறும் ஏற்பாடும் உதவின.

நம் ஊர்க்காற்றுக்கு ஏற்ற சில காரியங்களையும் குறித்துக்கொள், யாரும் உனக்குச் சொல்லமாட்டார்கள். மிஷினில் காற்றை ஈரப்படுத்தும் சிறு தொட்டி இருக்கிறது. அதில் எங்கள் ராமேசுவரம் தீவின் உப்புத்தண்ணீரையோ கேன் தண்ணீரையோ ஊற்றக் கூடாது. பேட்டரிக்கடையில் டிஸ்டில்டு வாட்டர் என்று கேட்டு வாங்கி, மிச்சத்தைத் தினமும் கொட்டிவிட வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலும் உப்பும் ஜன்னல் வழியே வந்து ஃபில்டரில் படிந்துவிடுகின்றன. மதுரைக்காரர் சொன்ன தவணைக்கு முன்பே நான் அதை மாற்றுகிறேன். மிஷினைக் கடல் பக்கத்து ஜன்னலுக்கு அருகில் வைக்காதே. முகத்தில் எண்ணெய்ப்பசை இருந்தால் மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் அடிக்கும், ஆகவே படுக்கப்போகுமுன் முகத்தைக் கழுவிவிடு. மாஸ்க்கின் சிலிகானையும் தினமும் மென்மையான சோப்பில் கழுவ வேண்டும்.

கரண்ட்தான் என் பெரிய கவலையாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஒரு நாள் விட்டாலும் அந்த இரவே மூச்சுத்தடை திரும்பிவிடும். இது நோயைப் போக்கும் மருந்து இல்லை. வீட்டு இன்வெர்ட்டரில் மிஷின் ஓடுகிறது. ஈரத்தொட்டியைச் சூடாக்குவதுதான் அதிகக் கரண்டை இழுக்கிறது என்பதால் கரண்ட் போகும் இரவில் அதை நிறுத்திவிடுவேன். அடைமழை பிடித்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் போனால் என்ன செய்வது என்று உன் அண்ணனைக் கேட்டேன். படகின் பேட்டரியைக் கழற்றி வந்து தருகிறேன் என்றார். அதை அப்படியே பொருத்தக் கூடாது, மிஷினுக்கு உரிய கன்வெர்ட்டர் வேண்டும் என்று சொல்லி, அதையும் வாங்கி வைத்திருக்கிறேன். அதை நம்பித்தான் வரும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் பெயர் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அங்கே ஓர் இரவு மணலில் தங்க வேண்டுமே.

கிடைத்த பலனையும் கேள். இரவில் கழிவறைக்கு எழுவது முதல் வாரத்திலேயே ஏறக்குறைய நின்றுவிட்டது. காலைத் தலைபாரம் இல்லை. மதியம் ஐந்தாம் வகுப்பில் கண்ணைத் திறந்து வைத்திருக்கப் பட்ட பாடு போய், வாய்ப்பாட்டைப் பிள்ளைகளோடு சேர்ந்து உரக்கச் சொல்கிறேன். பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனாலும் மாத்திரையைக் குறைக்க மருத்துவர் இன்னும் சம்மதிக்கவில்லை, அவர் சொல்வதே சரி. எடையையும் குறைக்கச் சொல்லியிருக்கிறார். மல்லாந்து படுப்பதை விட்டுவிட்டேன். சிறுசிறு காரியத்துக்கெல்லாம் கோபம் வந்து பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேனே, அந்தக் குணமும் எங்கேயோ போய்விட்டது. மிஷினின் விலை நாற்பதாயிரத்தைத் தாண்டியது. அந்தப் பணத்துக்கு வளையல் எடுத்திருக்கலாம் என்று நாத்தனார் சொன்னார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை.

உன்னிடம் கேட்பது இதுதான். பஸ்ஸில் உட்கார்ந்து போகும்போது, டிவி பார்க்கும்போது, மதியம் சாப்பிட்டுச் சும்மா இருக்கும்போது, ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதுகூடக் கண் அசருகிறதா என்று உன்னையே கேட்டுப் பார். ஆனால் அசரவில்லை என்பதற்காக விட்டுவிடாதே. பெண்களில் பலருக்குத் தூங்கி வழிவதைவிடத் தூக்கம் கலைவதும் சோர்வுமே முன்னால் தெரிகின்றன. மகளிடம் சொல்லி, நீ உறங்கும்போது போனில் வீடியோ எடுக்கச் சொல். அவள் இதைக் கேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நானே அவளிடம் பேசுகிறேன். அந்த வீடியோவோடும் மாத்திரைச் சீட்டுகளோடும் மதுரைக்குப் போவோம். பேறுகாலம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதே, ரஹ்மத். மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிரஷரோடு உறக்கத்தில் மூச்சும் நின்று நின்று வருமானால், அது இதயத்தையும் மூளையையும் தொடும் காரியம். பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள நீ திடமாக இருக்க வேண்டும். உன்னை இழக்க நான் தயாரில்லை.

தொதல் செய்து அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். அனுப்பாதே, நானே வந்து சாப்பிடுகிறேன், எடைக் கணக்கை அன்றைக்கு மட்டும் மருத்துவரிடம் சொல்லமாட்டேன். அடுத்த சனிக்கிழமை காலை பஸ்ஸில் கீழக்கரைக்கு வருகிறேன். இரவு தங்கி, மறுநாள் உன்னோடு உட்கார்ந்து மதுரைக்குத் தேதி வாங்கிவிட்டுத்தான் திரும்புவேன். மிஷினும் என்னோடு வரும், ஆகவே கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் உள்ள அறையை எனக்கு ஒதுக்கிவை.

அன்புடன்,
ஸ்டெல்லா