ராஜினாமா மட்டும் எழுதிக் கொடுக்காதே, கண்ணு

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள கண்ணு,

கம்பெனியில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று நீ சொன்னதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. போனில் நிதானமாகப் பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீயாக ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதே. படிக்காமல் எதிலும் கையெழுத்தும் போடாதே. 2009ல் துபாயில் கட்டட வேலையெல்லாம் அப்படியே நின்றது. துபாய் அரசின் பெரிய கம்பெனியான துபாய் வேர்ல்டே கடனைக் கட்டத் தவணை கேட்ட வருஷம் அது. அப்போது நான் இருந்த கம்பெனியின் சூப்பர்வைசர் ஒரு கட்டுப் பேப்பரோடு கேம்புக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்தபடியே ஆளாளுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். அரபியில் இருந்ததை யார் படிப்பது? பாக்கிச் சம்பளம் முழுதும் வாங்கியாயிற்று என்று அதில் எழுதியிருந்தது, ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது.

அமீரகத்தில் உங்களுக்கு 2023 முதல் வேலையிழப்பு இன்சூரன்ஸ் இருக்கிறது. மாதம் 5 திர்ஹம் கட்டுகிறாயே, அதுதான். தொடர்ந்து 12 மாதம் கட்டியிருந்தால் அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம், மூன்று மாதம் வரை கிடைக்கும். தானாக விலகியவனுக்குக் கிடையாது. வேலை போன 30 நாளுக்குள் கேட்டுவிட வேண்டும். வேலை முடியும்போது கம்பெனி கொடுக்க வேண்டிய கிராஜுவிட்டியையும் விடாதே. முதல் ஐந்து வருஷம், வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம்.

விசா முடிந்தாலும் ஒளிந்திருந்து சமாளிக்கலாம் என்று ரூமில் யாராவது சொல்வார்கள். கேட்காதே. 1973ல் எண்ணெய் விலை ஏறியபோது ஜெர்மனி வெளிநாட்டு ஆள் எடுப்பதை நிறுத்தியது. போனால் மறுபடி உள்ளே வர முடியாது என்று துருக்கிக்காரர்கள் பலர் அங்கேயே தங்கி, குடும்பத்தையும் வரவழைத்துக்கொண்டார்கள். அங்கே அது நடந்தது. வளைகுடாவில் வேலை போனால் விசாவும் போகும். கொடுக்கிற கெடுவுக்குள் வேறு வேலை கிடைத்தால் சரி, இல்லையென்றால் புறப்பட்டு வா. ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காதே. நம் தெருவில் கல்ஃபிலிருந்து திரும்பி வந்தவர்கள் இல்லாத வீடு குறைவு.

இரண்டு வருஷம் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு நோர்க்கா மூலம், அதாவது வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கான கேரள அரசின் துறை மூலம், கடன் உண்டு. 30 லட்சம் வரையான தொழிலுக்கு 15 சதவீதம் மானியம். நீ சொன்ன மாட்டுப்பண்ணைக்கும் கேட்டுப் பார்க்கலாம்.

அப்புறம், இந்த மாதமும் அடுத்த மாதமும் பணம் அனுப்பாதே, கையில் வைத்துக்கொள். வீட்டு லோனை நான் பார்த்துக்கொள்கிறேன். லேபர் கார்டு, கான்ட்ராக்ட், சம்பள ஸ்லிப் எல்லாவற்றையும் இன்றைக்கே போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வை.

அன்புடன்,
அப்பா