ஆறு சரிவுகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தை அச்செடுத்துவைத்துப் பத்து நாட்களாகப் படித்து வருகிறேன். கணக்குகளில் பாதி எனக்கு எட்டவில்லை. ஆனாலும் முப்பத்தோரு வருடம் சப்ஸ்டேஷனில் மீட்டர் பார்த்தவனுக்கு ஒரு மின்கட்டமைப்பு எப்படி விழும் என்பது புரியாமல் போகாது. மூன்று ஞாயிறுகளாக உன் அழைப்பு வராததால்தான் தபாலில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். வேலை இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் முழுவதும் இருண்டதைப் பற்றிய பகுதியை மட்டும் நான்கு முறை படித்துவிட்டேன். சூறைக்காற்றில் 23 கோபுரங்கள் சேதமாயின, சரி. அதற்காக ஒரு மாநிலமே அணைய வேண்டுமா என்றுதான் அன்று நானும் நினைத்தேன். நீ எழுதியதைப் பார்த்த பிறகே விளங்கியது. இரண்டு நிமிடங்களில் ஆறு முறை வோல்டேஜ் சரிந்திருக்கிறது. காற்றாலைகள் முதலில் வந்த சரிவுகளைத் தாங்கித்தான் நின்றிருக்கின்றன. ஆனால் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் சரிவு வந்தால் தாமாகவே பின்வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பல காற்றாலைகளின் கன்ட்ரோலில் ஒரு செட்டிங் இருந்திருக்கிறது. கட்டமைப்பை நடத்தியவர்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை. ஒன்பது காற்றாலைப் பண்ணைகள் ஏழு விநாடிகளுக்குள் 456 மெகாவாட்டைக் குறைத்துவிட, அந்தப் பாரம் முழுவதும் பக்கத்து மாநிலமான விக்டோரியாவிலிருந்து வரும் ஹேவுட் இணைப்பின் தலையில் விழுந்து அதுவும் டிரிப் ஆக, சுமார் எட்டரை லட்சம் நுகர்வோருக்கு மின்சாரம் போயிற்று.

எங்கள் காலத்து முப்பந்தல் இயந்திரங்களுக்கு இந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. 225, 250 கிலோவாட் இண்டக்‌ஷன் ஜெனரேட்டர்கள். வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினால் தாங்குவது இருக்கட்டும், வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்கிற ரியாக்டிவ் பவரைக் கூடுதலாக இழுத்து இன்னும் இறக்கிவிடும். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று கன்ட்ரோல் ரூம் ஜன்னலை உலுக்கிக்கொண்டிருக்க, மீட்டர் முள் நடுங்குவதைப் பார்த்துப் பார்த்து லாக் புத்தகத்தில் எழுதுவேன். இவ்வளவு காற்று அடிக்கும்போது சில காற்றாடிகளை மட்டும் ஏன் அப்பா நிறுத்துகிறார்கள் என்று ஏழாம் வகுப்பில் நீ கேட்டாய். மேலிடத்து உத்தரவு என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தக் கேள்விக்கு அடிலெய்டில் உட்கார்ந்து நீயே விடை எழுதுகிறாய் என்று கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன், அம்மாதான் முறைக்கிறாள். இவ்வளவு எழுதுகிறவளுக்கு வீட்டுக்கு ஒரு வரி எழுத முடியவில்லையா என்று அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

2021-இல் அங்கே நிறுவிய நான்கு சிங்க்ரனஸ் கண்டென்சர்களைப் பற்றி நீ எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு யூனிட் மின்சாரமும் தராமல், கனத்த சக்கரத்தோடு சும்மா சுற்றிக்கொண்டே கட்டமைப்புக்கு நிதானம் தருகிற இயந்திரம். ரிடையர் ஆனவர்களை நினைத்துச் செய்திருப்பார்கள் போலிருக்கிறது. அந்தப் பகுதியை இன்னும் இரண்டு பக்கம் விரித்து எழுது. இரவெல்லாம் விழித்து எழுதாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

கடைசியாக வீடியோவில் பேசியபோது உன் பின்னால் டேப் ஒட்டிய அட்டைப்பெட்டிகள் இருந்தன. மாப்பிள்ளை எங்கே என்று அம்மா கேட்டதற்கு, வேலைக்குப் போயிருக்கிறார் என்றாய். அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

ஆனால் அந்தச் செட்டிங்கைப் பற்றிய பக்கத்தை என்னால் தாண்ட முடியவில்லை, மக்களே. நிச்சயத்துக்கு முந்தின வாரம், என்றும் இல்லாத வழக்கமாக, நீயே தூக்குச்சட்டியில் சோறு கொண்டு சப்ஸ்டேஷனுக்கு வந்தாய். இந்த இடம் வேண்டாம் என்று தோன்றுகிறது அப்பா என்றாய். ஊருக்கு மின்சாரம் கொண்டுபோகிற ஒரு பீடர் லைன் டிரிப் ஆகியிருந்தது. பிறகு பேசலாம் என்றேன். பீடர் ஐந்து நிமிடத்தில் சார்ஜ் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நீ வாசலில் செருப்பை மாட்டும்வரை நான் லாக் புத்தகத்தில் ஏற்கெனவே எழுதியிருந்த ரீடிங்கையே திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு முறை நீ வாயெடுத்தாய். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று என்று முடித்துவைத்தவன் நான்தான். அம்மாவுக்கு அதில் பங்கில்லை. என் மகள் எதையும் தாங்குவாள் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேனே தவிர, எத்தனை முறை என்று உன்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

இந்த வருடம் காற்று முந்தியே வந்துவிட்டது. மொட்டை மாடியில் துணி காயப்போட முடியவில்லை. ஞாயிறு காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை அம்மா சுசீந்திரம் கோயிலில் இருப்பாள். போன் என் கையிலேயே இருக்கும்.

அன்புடன்,
அப்பா