பட்டுப்புடவை பில்லுல ஜரிகையையும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

முகூர்த்த மாசம் வந்தாலே உங்க பேப்பர்ல முழுப் பக்கத்துக்கு பட்டுப்புடவை விளம்பரம் வந்துடுது, தலைமுறைக்கும் உழைக்கும்னு வேற சொல்றாங்க. எங்க வீட்லயும் பொண்ணுக்கு தை மாசம் கல்யாணம், அதனால நாப்பதாயிரம் ஐம்பதாயிரம் போட்டு ஒரு புடவை எடுக்குறது தேவைதானானு தினமும் வீட்ல பஞ்சாயத்து ஓடுது. என்னைக் கேட்டா தேவைதான், ஆனா ஜரிகை நிஜ ஜரிகையா இருக்கணும், வாங்குனவ அதை எடுத்து கட்டவும் கட்டணும்.

எங்க மாமியாரோட கூரைப்புடவை இன்னும் இருக்கு, அரக்கு உடம்பு பச்சை பார்டர், கோர்வை போட்டு, அதாவது உடம்பையும் பார்டரையும் தனித்தனி நூல்ல கோத்து நெய்தது. ஃபெஞ்சல் புயல் சமயத்துல தென்பெண்ணை தண்ணி வருதுனு சொன்னதும் அவங்க டிவியைக் கூட பாக்கல, அதைத்தான் முதல்ல பரண்ல ஏத்துனாங்க. போன வருஷம் திருப்பாதிரிப்புலியூர்ல எங்க தெருவுக்கு பழைய பட்டு வாங்குறவர் வந்தாரு, சும்மா விலை கேப்போம்னு காட்டுனேன். முந்தி ஓரத்துல ஒரு இழையை உருவி நகத்தால சுரண்டுனாரு, உள்ள செவப்பு பட்டு நூல் தெரிஞ்சுது, உடனே நல்ல விலை சொன்னாரு (மாமியார் உள்ள இருந்தே முறைச்சாங்க, அது வேற கதை). சரினு நான் சில வருஷம் முன்னாடி இங்கயே ஒரு பெரிய கடையில 28,000 குடுத்து எடுத்ததையும் நீட்டுனேன். சுரண்டுனா செம்பு, அதுக்குள்ள வெள்ளை நூல். "இதுக்கு வெல கெடையாதும்மா"னு மடிச்சு கையில குடுத்துட்டாரு.

கடையில சுத்த ஜரிகைனு வாயால சொன்னாங்க, பில்லுல "சில்க் சாரி 1" அவ்ளோதான். சில்க் மார்க் லேபிள் இருந்துதே னு கேப்பீங்க, இருந்துது, ஆனா அது பட்டு நூல் சுத்தமானதுனு மட்டும்தான் சொல்லும். கைத்தறி முத்திரை கைத்தறியில நெய்ததுனு மட்டும் சொல்லும். ஜரிகையைப் பத்தி இது ரெண்டுமே பேசாது, விலை ஏறுறதே அந்த ஜரிகையாலதான்! காஞ்சிபுரம் அசல் ஜரிகைனா வெள்ளி 40 சதவீதம், தங்கம் அரை சதவீதம், மிச்சம் செம்பும் பட்டும்னு கணக்கு இருக்கு. வெள்ளி கம்மியா செம்பு அதிகமா இருக்குற ஹாஃப் ஃபைன் ஜரிகையை நான் குறை சொல்லல, வெயிட் கம்மி, கட்டவும் சௌகரியம், ஆனா அதை அதுக்கான விலைக்கு வித்துட்டுப் போகட்டுமே. நிஜ கோர்வைக்கு ரெண்டு பேர் தறியில உக்காந்து நாள்கணக்கா நெய்யணும், அந்தக் கூலிக்குக் குடுக்குற காசு எனக்கு வலிக்கல.

இன்னொண்ணு, நம்ம ஊர் உப்புக் காத்துக்கு வெள்ளி ஜரிகை கருத்துத்தான் போகும். பிளாஸ்டிக் கவர்ல போட்டு பீரோவுல பூட்டி வச்சா மடிப்புலயே இத்துப் போகுது, பக்கத்துலயே பாச்சா உருண்டை வேற. பழைய வேட்டியில சுத்தி வச்சு, அப்பப்ப எடுத்து நிழல்ல ஆறப் போட்டு மடிப்பை மாத்தணும், அதைவிட நாலு விசேஷத்துக்குக் கட்டுனாலே போதும். எங்க வீட்டுக்காரர் குறிஞ்சிப்பாடி கைலியை நைஞ்சு போற வரைக்கும் கட்டுறாரு, அதுல காசு வேஸ்ட்டுனு யாரும் பேசுனதில்ல. பட்டை மட்டும் ஏன் கண்ணுல ஒத்திக்கிட்டு உள்ள வைக்கணும்?

தங்க நகைக்கு 2021ல இருந்து ஹால்மார்க் கட்டாயம் ஆக்கிட்டாங்க. அதே மாதிரி பட்டுப்புடவை பில்லுலயும் ஜரிகை என்ன வகை, கைத்தறியா விசைத்தறியானு எழுதிக் குடுக்கணும்னு அரசாங்கம் உத்தரவு போடணும். அது வர்ற வரைக்கும், உங்களுக்கு விளம்பரம் குடுக்குற கடைக்காரங்க கிட்ட நீங்களே ஒரு வார்த்தை கேட்டு அவங்க சொல்ற பதிலை அதே பக்கத்துல போடுங்க, நாங்க தைக்கு முன்னாடி படிச்சுக்குறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்